விண்டோஸ் 11 ஏறாத லேப்டாப், லினக்ஸ் அறியாத நான்

மழைக்குருவி | திங்கள், இரவு 9:12

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2016-ல் வாங்கிய லேப்டாப். இன்டெல் ஆறாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ராம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 10 ஓடுகிறது. அதற்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. 11-க்கு மாறலாம் என்று பார்த்தால் இந்தக் கணினிக்குத் தகுதி இல்லையாம். விசைப்பலகையில் ஓர் எழுத்துகூடத் தேயவில்லை, இதற்குள் தகுதி போய்விட்டது!

தம்பி "லினக்ஸ் போட்டுக்கோ அக்கா" என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டான். கறுப்புத் திரையில் பச்சை எழுத்து ஓடுமே, எனக்குத் தெரிந்த லினக்ஸ் அவ்வளவுதான். மொழிபெயர்ப்பும் மெய்ப்புத் திருத்தமும் என் தொழில். நாள் முழுக்கத் தமிழில் தட்டச்சு செய்கிறவள். கட்டளை எல்லாம் மனப்பாடம் செய்ய இனி முடியாது. என்னைப் போன்றவர்களுக்கு இது சரிப்படுமா? சரிப்படும் என்றால் எதைப் போடுவது?

ஆறாம்விரல் | திங்கள், இரவு 9:20

லினக்ஸ்ல பல வகை இருக்கு, நீங்க மின்ட் போடுங்க. வேற யோசிக்காதீங்க.

நட்டுவாக்காலி | திங்கள், இரவு 9:31

மின்ட்ல எல்லாமே கொஞ்சம் பழைய பதிப்பா இருக்கும். ஃபெடோரா போடுங்க, புதுசு எல்லாம் முதல்ல அங்கதான் வரும்.

கொடிமின்னல் | திங்கள், இரவு 9:44

ரெண்டும் வேணாம். ஆர்ச் போட்டா ஒரே வாரத்துல லினக்ஸ் எப்படி வேலை செய்யுதுன்னு முழுசாப் புரிஞ்சிடும்.

ஆறாம்விரல் | திங்கள், இரவு 9:46

நீச்சல் பழக வந்தவங்களைக் கிணத்துல தள்ளிவிடுற ஆள் நீங்க. அவங்க மெய்ப்புப் பார்க்கணும்யா, கெர்னல் கம்பைல் பண்ண வரலை.

பழையபாதை | திங்கள், இரவு 10:30

சகோதரி, மேலே நடக்கும் சண்டையைப் பார்த்து மிரண்டுவிடாதீர்கள். லினக்ஸ் பேச்சு எங்கே எடுத்தாலும் முதல் பத்து நிமிடம் இப்படித்தான் போகும்.

லினக்ஸ் என்பது உண்மையில் கெர்னல் மட்டும். 1991-ல் ஹெல்சிங்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கியது. வன்பொருளோடு பேசுவது அதன் வேலை. அதன்மேல் மேசைத்திரை, உலாவி, மென்பொருள் கிடங்கு எல்லாம் ஏற்றி ஒரு முழு இயங்குதளமாகத் தொகுத்துத் தருவதைத்தான் டிஸ்ட்ரோ என்கிறோம். உங்கள் ஆண்ட்ராய்டு போனுக்குள் இருப்பதும் லினக்ஸ் கெர்னல்தான், அங்கே நீங்கள் எந்தக் கட்டளையும் அடிப்பதில்லையே. மின்ட் 2006-ல் வந்தது, உபுண்டுவின் மேல் கட்டியது. உபுண்டு 2004-ல் டெபியனின் மேல் கட்டப்பட்டது. டெபியன் 1993. பாட்டி, அம்மா, மகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபெடோரா வேறு வீடு, அவ்வளவுதான்.

எந்த டிஸ்ட்ரோ என்பதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். முதலில் ஒரு தாளில், ஒரு வாரத்தில் அந்த லேப்டாப்பில் என்னவெல்லாம் செய்கிறீர்கள் என்று எழுதுங்கள். "நெட் பார்ப்பேன்" என்று பொதுவாக எழுதாதீர்கள். எந்த பிரின்டர், எந்த மென்பொருள், யார் அனுப்பும் எந்த ஃபைல் என்று எழுதுங்கள். லினக்ஸுக்கு வந்து திரும்பிப் போனவர்களில் நான் பார்த்த பெரும்பாலோர் மேசைத்திரை பிடிக்காமல் போனவர்கள் அல்ல. விட முடியாத ஒரே ஒரு பொருள் வேலை செய்யாமல் போனவர்கள்.

இரண்டாவது, இப்போதைக்கு எதையும் இன்ஸ்டால் செய்யாதீர்கள். பென் டிரைவிலிருந்து அப்படியே பூட் செய்து லைவ் ஆகப் பயன்படுத்தலாம். உங்கள் டிஸ்க்கை அது தொடாது. பென் டிரைவிலிருந்து படித்து ராமில் ஓடும். ஒரு வாரம் அப்படி ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. என் முதல் இன்ஸ்டாலின்போது வெளி ஹார்ட் டிஸ்க்கைக் கழற்ற மறந்துவிட்டேன். இன்ஸ்டாலர் இரண்டு டிஸ்க்கைக் காட்டியது. பெயர் எஸ்டிஏ, எஸ்டிபி என்றிருக்கும். எது எது என்று அளவை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். என்னிடம் இரண்டுமே 500 ஜிபி. "டிஸ்க்கை அழித்து நிறுவு" என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டு எழுந்து போய்விட்டேன். எட்டு வருடப் புகைப்படங்கள். அதில் பாதியை மீட்க நான்கு மாதம் ஆனது, ஃபைல் பெயர் எதுவும் மிஞ்சவில்லை.

மழைக்குருவி | செவ்வாய், காலை 7:05

ஐயா, நன்றி. எழுதிப் பார்த்தேன், நான் நினைத்ததைவிடக் கொஞ்சமாகத்தான் வந்தது. தமிழ்99 விசைப்பலகையில் தட்டச்சு. வேர்ட் ஃபைல்கள், அதுவும் திருத்தங்கள் தெரியும்படி அனுப்பச் சொல்வார்கள். அச்சும் ஸ்கேனும் சேர்ந்த ஒரு பிரின்டர். வாரம் ஒருமுறை வீடியோ அழைப்பு, அது உலாவியிலேயே நடக்கும். கடைசியாக ஒரு தலைவலி: இருபது வருடத்துக்கு முந்தைய கையெழுத்துப்படிகள் சில பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. அவற்றைத் திறக்க வேண்டி வரும்.

தேனடை | செவ்வாய், காலை 8:40

நானும் மெய்ப்புப் பார்ப்பவன்தான். ஐந்து வருடமாக லினக்ஸ்.

வேர்ட் ஃபைலை லிப்ரே ஆபீஸ் திறக்கும், திருத்தங்களும் குறிப்புகளும் வரும், நீங்கள் செய்யும் திருத்தம் அந்தப் பக்கம் வேர்டிலும் தெரியும். அட்டவணையும் படமும் நிறைந்த ஃபைலில் மட்டும் பக்கம் கொஞ்சம் நகரும். வெறும் உரை என்றால் கவலை வேண்டாம். பக்க வடிவமைப்போடு ஒப்படைக்கும் வேலை என்றால் கடைசி ஃபைலை வேர்ட் இருக்கும் ஒரு கணினியில் ஒருமுறை திறந்து பார்க்காமல் அனுப்பவே மாட்டேன்.

பாமினி யூனிகோடு எழுத்துரு இல்லை. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்துத் தைத்தது. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பை தெரியும், விண்டோஸிலும் அதே கதைதான். அந்த எழுத்துரு ஃபைலை எடுத்து வந்து இரட்டைச் சொடுக்கு செய்தால் இன்ஸ்டால் பொத்தான் வரும், முடிந்தது. ஆனாலும் என் ஆலோசனை, சாவகாசமாக எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். அந்த எழுத்துரு தொலைந்த அன்று கையெழுத்துப்படியும் தொலைந்த மாதிரிதான்.

அறம்பாடி | செவ்வாய், காலை 9:15

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். "இலவச இயங்குதளம்" என்று யாராவது எழுதுவதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: இலவசம் வேறு, கட்டற்றது வேறு. 1983-ல் ரிச்சர்ட் ஸ்டால்மன் குனு என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தை அறிவித்தபோது பேசியது விலையைப் பற்றி இல்லை. பயன்படுத்த, படிக்க, மாற்ற, பகிர உங்களுக்கு உள்ள உரிமையைப் பற்றி. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதால் அவர்கள் இன்றுவரை விளக்கம் கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். நமக்கு இரண்டு சொல் இருக்கிறது. இருந்தும் குழப்பிக்கொள்வோம்.

ஆறாம்விரல் | செவ்வாய், காலை 9:22

சரி ஐயா, ஒத்துக்கிறோம். முதல்ல அக்கா பென் டிரைவை பூட் பண்ணட்டும், உரிமையைப் பத்தி அப்புறம் பேசுவோம்.

மழைக்குருவி | புதன், இரவு 8:50

மின்ட் 22, சின்னமன் என்ற மேசைத்திரையோடு வருவதை இறக்கினேன். கிட்டத்தட்ட 3 ஜிபி. பென் டிரைவில் காப்பி செய்து, செருகி, லேப்டாப்பை மறுபடி இயக்கினால் விண்டோஸ்தான் வருகிறது. மூன்று முறை பார்த்துவிட்டேன். என்ன தவறு?

ஆறாம்விரல் | புதன், இரவு 8:57

இறக்கின ஐஎஸ்ஓ ஃபைலை அப்படியே காப்பி பேஸ்ட் பண்ணீங்களா? இங்க இருக்கிற பாதிப் பேர் முதல்ல அதைத்தான் பண்ணியிருப்போம். நானும்தான். அது வெறும் ஃபைலாப் போய் உட்கார்ந்திருக்கு. ரூஃபஸ் இல்லன்னா பலேனா எட்சர்ங்கிற மென்பொருள் வெச்சு "எழுதணும்". எழுதினா பென் டிரைவ்ல இருக்கிறதெல்லாம் அழிஞ்சிடும், முன்னாடியே எடுத்து வெச்சுக்குங்க.

அப்புறம் பூட் மெனு. சில லேப்டாப்ல எஃப்12, சிலதுல எஃப்9, சிலதுல எஸ்கேப். பவர் பொத்தானை அழுத்தின உடனே தட்டிட்டே இருங்க.

பழையபாதை | புதன், இரவு 9:30

எழுதுவதற்கு முன் ஒரு சின்ன வேலை. இறக்கிய ஃபைல் முழுசாகவும் சரியாகவும் வந்ததா என்று சரிபாருங்கள். பதிவிறக்கப் பக்கத்திலேயே எஸ்எச்ஏ256 என்று 64 எழுத்து நீளத்தில் ஒரு சரம் கொடுத்திருப்பார்கள். உங்கள் ஃபைலுக்குக் கணக்கிட்டு வருவது அதோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். விண்டோஸில் செர்ட்யூட்டில் என்ற கட்டளை இதைச் செய்யும்.

வீண் பயம் என்று நினைக்காதீர்கள். 2016 பிப்ரவரியில் மின்ட் தளத்துக்குள்ளேயே புகுந்து, 17.3 சின்னமன் ஐஎஸ்ஓவுக்கான இணைப்பைத் திருப்பி, பின்வாசல் வைத்த ஃபைலைக் கொடுத்தார்கள். மின்ட் குழுவே அதை வெளியில் சொல்லி எச்சரித்தது. ஆனால் சரமும் அதே பக்கத்தில்தான் இருக்கிறது, பக்கத்தையே மாற்றியவன் சரத்தையும் மாற்றலாம் இல்லையா? அதற்குத்தான் கையொப்பச் சரிபார்ப்பு என்று இன்னொன்று உண்டு. முதல் நாளே அதுவரை போக வேண்டாம். ஆனால் பாதியில் அறுந்த பதிவிறக்கத்தைக் கண்டுபிடிக்கவாவது இந்த 64 எழுத்தைப் பாருங்கள். இன்ஸ்டால் நடுவில் நின்றுபோய் இங்கே வந்து அழுகிறவர்கள் பலருக்கும் அதுதான் காரணம்.

மழைக்குருவி | வியாழன், இரவு 11:10

வந்துவிட்டது!! பச்சை எழுத்து ஒன்றும் இல்லை, ஏதோ பழகிய வீடு மாதிரி இடது மூலையில் மெனு இருக்கிறது. தொடுபலகை, ஒலி, கேமரா எல்லாம் தானாக வேலை செய்கிறது.

வைஃபை மட்டும் இல்லை. அந்தச் சின்னமே காணோம். எல்லா இடத்திலும் தேடிவிட்டேன்.

இன்னொன்றையும் வெட்கத்தோடு சொல்கிறேன். லிப்ரே ஆபீஸ் பார்க்கலாம் என்று ஒரு கட்டுரையைத் திறந்தேன், அப்படியே மூழ்கி ஒரு மணி நேரம் திருத்திவிட்டேன், சேமித்தும் வைத்தேன். அணைத்துவிட்டு மறுபடி பூட் செய்தால் ஃபைல் இல்லை. பழையபாதை ஐயா "ராமில் ஓடும்" என்று எழுதியது அப்போதுதான் உறைத்தது.

பழையபாதை | வெள்ளி, காலை 6:30

அடடா. லைவில் வேலை செய்தால் இன்னொரு பென் டிரைவில் சேமிக்க வேண்டும் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். என் தவறு.

வைஃபைக்கு: உங்கள் லேப்டாப்பில் பிராட்காம் சிப் இருக்கலாம். சில பிராட்காம் சிப்களுக்கான டிரைவர் கட்டற்றது அல்ல, அதனால் தானாக ஓடத் தொடங்காது. டிரைவரை இறக்க நெட் வேண்டும், நெட் வர டிரைவர் வேண்டும். சாவியை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டிய கதை. போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து, போனின் நெட்டைப் பகிரும் டெதரிங்கை இயக்குங்கள். அதை லினக்ஸ் ஒரு கம்பி இணைப்பாக எடுத்துக்கொள்ளும். இப்போதைக்கு இந்த வாரம் அப்படியே ஓட்டுங்கள், டிரைவரை இன்ஸ்டாலுக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

பென் டிரைவிலிருந்து ஓடுவதால் எல்லாம் கொஞ்சம் மந்தமாகத்தான் இருக்கும். வேகத்தை வைத்து இப்போது எதையும் எடை போடாதீர்கள்.

தேனடை | வெள்ளி, காலை 7:15

தமிழ் தட்டச்சை லைவிலேயே பார்த்துவிடுங்கள், மொழிபெயர்ப்பாளருக்கு அதுதான் உயிர்நாடி.

மழைக்குருவி | வெள்ளி, இரவு 9:00

பார்த்தேன். விசைப்பலகை அமைப்புக்குள் போய்த் தமிழ்99 சேர்த்தேன். எழுத்தெல்லாம் வருகிறது. ஆனால் என் கைப்பழக்கப்படி அப்பா என்று அடித்தால் "அபபா" என்று வருகிறது. தங்கம் "தஙகம்" ஆகிறது. ஒவ்வொரு மெய்க்கும் நானே புள்ளி வைக்க வேண்டியிருக்கிறது. இப்படி ஒரு பக்கம்கூட அடிக்க முடியாது. இதுதான் நிலைமை என்றால் நான் விண்டோஸிலேயே இருந்துகொள்கிறேன்.

தேனடை | வெள்ளி, இரவு 9:25

பொறுங்க பொறுங்க. நீங்கள் சேர்த்தது விசை அடுக்கு மட்டும். அது ஒரு விசைக்கு ஓர் எழுத்து என்று கொடுக்கும், முன்னால் என்ன அடித்தீர்கள் என்பது அதற்குத் தெரியாது. ஒரே மெய்யை இரண்டு முறை அடித்தால் முதலாவதற்குப் புள்ளி, ங வந்து க வந்தால் ங-வுக்குப் புள்ளி என்பதெல்லாம் தமிழ்99-ன் விதிகள். அதைப் பார்த்துப் போட உள்ளீட்டு முறை என்ற இன்னொன்று வேண்டும்.

மென்பொருள் மேலாளரில் ஐபஸ்-எம்17என் என்று தேடிப் போடுங்கள். அமைப்புகளில் உள்ளீட்டு முறை என்ற இடத்தில் ஐபஸைத் தேர்ந்தெடுங்கள். வெளியேறி மறுபடி உள்நுழையுங்கள். அணைக்க வேண்டாம், லைவில் அணைத்தால் போட்டதெல்லாம் போய்விடும். பிறகு ஐபஸ் அமைப்பில் தமிழ் என்பதற்குக் கீழே தமிழ்99 இருக்கும். முதலில் சேர்த்த விசை அடுக்கை நீக்கிவிடுங்கள், இரண்டும் இருந்தால் எது எது என்று குழம்பும்.

இதை எங்கேயும் தெளிவாக எழுதி வைக்காதது நம் ஆட்களின் குறை. "தமிழ் வருகிறது" என்று படம் பிடித்துப் போடுவார்கள். அதில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து அடித்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

மழைக்குருவி | வெள்ளி, இரவு 10:40

அப்பா. தங்கம். மெய்ப்புத் திருத்தம். எல்லாம் வருகிறது! மேலே நான் எழுதியதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

புதுக்கரை | சனி, காலை 11:20

அக்காவோட கேள்விக்கு நடுவுல வர்றேன், மன்னிச்சிருங்க. அவசரம். என்னோடது புது லேப்டாப், விண்டோஸ் 11. லினக்ஸும் சேர்த்துப் போடலாம்னு ஒரு வீடியோ பார்த்து பயாஸ்ல செக்யூர் பூட்டை (அனுமதி இல்லாத மென்பொருள் பூட் ஆகாமத் தடுக்கிறது) அணைச்சேன். இப்ப விண்டோஸ் பூட் ஆகாம நீலத் திரையில பிட்லாக்கர் ரெக்கவரி கீ கேக்குது. 48 இலக்கமாம். நான் அப்படி எதுவுமே வெச்சதில்லையே! எல்லாம் போச்சா?

நட்டுவாக்காலி | சனி, காலை 11:26

எதுவும் போகலை, பதறாதீங்க. எதையும் அழிக்கவோ ரீசெட் பண்ணவோ வேணாம். பயாஸ்ல போய் செக்யூர் பூட்டைத் திரும்ப இயக்குங்க. பழைய நிலைக்கு வந்துட்டா பெரும்பாலும் கீ கேக்காம உள்ள விட்டுடும்.

நீங்க வைக்கலைன்னாலும் புது லேப்டாப் பலதுல டிஸ்க் என்கிரிப்ஷன் தானாவே இயங்கியிருக்கும். நீங்க உள்நுழையுற மைக்ரோசாஃப்ட் கணக்குல ரெக்கவரி கீ சேமிச்சிருக்கும். போன்ல அந்தக் கணக்கைத் திறந்து பார்த்து, தாள்ல எழுதி வெச்சுக்குங்க. மின்ட், உபுண்டு, ஃபெடோரா எல்லாம் செக்யூர் பூட் இயங்கும்போதே பூட் ஆகும், அதை அணைக்கவே தேவையில்லை. எந்த வீடியோன்னு தெரியலை, பழசா இருக்கும்.

புதுக்கரை | சனி, காலை 11:48

உள்ள வந்துடுச்சு. கை நடுக்கம் இன்னும் நிக்கலை.

நட்டுவாக்காலி | சனி, நண்பகல் 12:05

ரெண்டு இயங்குதளமும் வேணும்னா இன்னும் ரெண்டு விஷயம் கவனிங்க. விண்டோஸ் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்துங்க. அது இயங்கினா விண்டோஸ் முழுசா அணையாது, பாதி உறக்கத்துல இருக்கும். லினக்ஸ்ல இருந்து அந்த டிரைவுக்குள்ள எழுத விடாது. அடுத்தது, டிஸ்க்குல இடம் ஒதுக்குறதை விண்டோஸோட டிஸ்க் மேனேஜ்மென்ட்லயே பண்ணுங்க.

போட்டு முடிச்ச அப்புறம் விண்டோஸ்ல கடிகாரம் தப்பாக் காட்டும். பேட்டரி போச்சுன்னு மதர்போர்டைக் கழட்டாதீங்க (ஒருத்தர் கழட்டினார்). உள்கடிகாரத்துல உலகப் பொது நேரம் இருக்குன்னு லினக்ஸ் எடுத்துக்கும், உள்ளூர் நேரம் இருக்குன்னு விண்டோஸ் எடுத்துக்கும். லினக்ஸ் பக்கம் ஒரே கட்டளையில சரி பண்ணலாம், போட்டுட்டு வாங்க, சொல்றேன்.

ஒற்றைப்பனை | சனி, மாலை 5:30

எதிர்க்கருத்து ஒன்றும் இருக்கட்டும். இரண்டு வருடம் லினக்ஸில் இருந்தேன், திரும்பிவிட்டேன். என் தொழிலுக்கான வடிவமைப்பு மென்பொருள் லினக்ஸுக்கு வருவதில்லை. விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டும் வைன் வழியாக ஓட்டிப் பார்த்தேன், திறந்தது, அச்சுக்குக் கொடுக்கும்போது வண்ணம் மாறியது. மாற்று மென்பொருள் இருக்கிறது என்பார்கள். இருக்கிறது, ஆனால் என்னோடு வேலை செய்யும் ஐந்து பேரும் பழையதில்தானே இருக்கிறார்கள். நான் மட்டும் மாறி என்ன பயன்? லினக்ஸ் மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. வீட்டுக் கணினியில் இன்னும் அதுதான் ஓடுகிறது.

பழையபாதை | சனி, மாலை 6:10

இவர் சொல்வதை யாரும் மறுத்துப் பேச வேண்டாம். இதற்காகத்தான் அந்தத் தாளை முதலில் எழுதச் சொல்கிறேன். ஆட்டத்துக்காகக் கணினி வைத்திருப்பவர்களுக்கும் இதே விதி. புரோட்டான் வந்த 2018-க்குப் பிறகு விண்டோஸ் ஆட்டங்கள் நிறைய லினக்ஸில் ஓடுகின்றன. ஆனால் கெர்னல் அளவில் மோசடித் தடுப்பு வைத்திருக்கும் பல இணைய ஆட்டங்கள் ஓடாது. உங்களுக்கு வேண்டிய ஆட்டம் அந்தப் பட்டியலில் இருந்தால் மாறவே வேண்டாம்.

மழைக்குருவி, பட்டியல் என்ன சொல்கிறது?

மழைக்குருவி | ஞாயிறு, காலை 10:00

தட்டச்சு சரி. வேர்ட் ஃபைல் சரி, பழைய வேலைகள் ஆறைத் திறந்து பார்த்தேன், ஒன்றில் மட்டும் அட்டவணை அடுத்த பக்கத்துக்கு ஓடியது. பாமினி சரி. வீடியோ அழைப்பு சரி. பிரின்டரை யூஎஸ்பி கேபிளில் இணைத்தேன், வேறு எதுவும் செய்யாமலே பட்டியலில் வந்து நின்றது, அச்சும் ஆகிறது! விண்டோஸில் இதற்கு ஒரு குறுந்தட்டும் அரை நாளும் ஆனது. ஸ்கேன்தான் இன்னும் பார்க்கவில்லை.

போட்டுவிடலாம் என்று தோன்றுகிறது. ஆனால் டிஸ்க்கில் பத்து வருட வேலை இருக்கிறது. மேலே படித்த கதைகளுக்குப் பிறகு கை வரவில்லை.

பழையபாதை | ஞாயிறு, காலை 10:35

அப்படியானால் அந்த டிஸ்க்கைத் தொடவே தொடாதீர்கள். 2016 லேப்டாப் என்றால் உள்ளே 2.5 அங்குல சாட்டா டிஸ்க் இருக்க வாய்ப்பு அதிகம். அதே அளவில் ஓர் எஸ்எஸ்டி வாங்குங்கள். பின்மூடியைத் திறந்து பழையதைக் கழற்றி, உறையில் போட்டு, தேதி எழுதி அலமாரியில் வைத்துவிடுங்கள். எஸ்எஸ்டியைப் பொருத்தி அதில் லினக்ஸ் போடுங்கள். உள்ளே ஒரே டிஸ்க், அதுவும் காலி. எதை அழிப்பது என்ற கேள்வியே எழாது. பிடிக்கவில்லை என்றால் பழையதை மறுபடி மாட்டினால் நேற்றைய விண்டோஸ் அப்படியே இருக்கும். ஒரு யூஎஸ்பி உறை வாங்கிக்கொண்டால் அந்த ஃபைல்களைப் படிக்கவும் செய்யலாம். ஆனால் அந்த ஒரே பிரதியை மட்டும் நம்பாதீர்கள். முக்கியமானவற்றுக்கு இன்னொரு பிரதி கட்டாயம் வேண்டும்.

லினக்ஸ் போட்டதும் லேப்டாப் பறக்கிறது என்று பலர் எழுதுவதைப் படித்திருப்பீர்கள். அதில் பெரும்பங்கு எஸ்எஸ்டியின் வேலை. சுழலும் டிஸ்க்கில் எந்த இயங்குதளமும் இன்று மூச்சு வாங்கும். இதைச் சொன்னால் நம் ஆட்களுக்கே கோபம் வரும்.

ஆறாம்விரல் | ஞாயிறு, காலை 10:41

கோபம் இல்ல ஐயா, லேசா மனசு வலிக்குது.

நட்டுவாக்காலி | ஞாயிறு, காலை 11:00

அக்கா, இன்ஸ்டால் பண்றப்ப மல்டிமீடியா கோடெக் (பாட்டு, வீடியோ ஓட வேண்டியது) போடவான்னு ஒரு கட்டம் வரும், டிக் பண்ணுங்க. செக்யூர் பூட் இயங்கினா அங்கயே ஒரு கடவுச்சொல் கேக்கும். எளிமையா ஒண்ணு வெச்சு எழுதிக்குங்க. முடிஞ்சு ரீஸ்டார்ட் ஆகும்போது நீலத் திரை ஒண்ணு வரும். பயந்து "தொடர்ந்து பூட் செய்" அழுத்திடாதீங்க, "என்ரோல் எம்ஓகே"ங்கிறதைத் தேர்ந்தெடுத்து அந்தக் கடவுச்சொல்லைக் கொடுங்க. உங்க வைஃபை டிரைவரை கெர்னல் ஏத்துக்கிறதுக்கான அனுமதி அது. இந்தத் திரையைத் தவறவிட்டுட்டு "டிரைவர் போட்டும் வைஃபை வரலை"ன்னு வர்றவங்க நிறைய.

மழைக்குருவி | அடுத்த வியாழன், இரவு 9:30

எஸ்எஸ்டியில் இருந்துதான் எழுதுகிறேன். தம்பி மூடியைத் திறந்து மாட்டிக்கொடுத்தான். நீலத் திரை வந்தது, சரியானதைத்தான் அழுத்தினேன். டிரைவர் மேலாளரில் பிராட்காமைத் தேர்ந்தெடுத்து, ரீஸ்டார்ட் செய்ததும் வைஃபை சின்னம் வந்தது.

ஐபஸை மறுபடி போட டெர்மினல் பக்கம் போய்ப் பார்த்தேன், ஒரு துணிச்சல்தான். சூடோ ஆப்ட் இன்ஸ்டால் என்று அடித்ததும் கடவுச்சொல் கேட்டது. அடிக்கிறேன், ஓர் எழுத்தும் விழவில்லை. நட்சத்திரமும் இல்லை, புள்ளியும் இல்லை. விசைப்பலகை போய்விட்டது என்று நினைத்து வேறு சாளரத்தில் அடித்துப் பார்த்தேன், அங்கே வருகிறது. பத்து நிமிடம் இப்படியே போனது.

கொடிமின்னல் | அடுத்த வியாழன், இரவு 9:34

திரையில காட்டாது, ஆனா வாங்கிக்கும். அடிச்சுட்டு என்டர் தட்டுங்க. பின்னாடி நிக்கிறவங்களுக்கு நீளம்கூடத் தெரியக் கூடாதுன்னு அப்படி வெச்சிருக்காங்க.

இன்னொண்ணு: சூடோன்னா நிர்வாகி அதிகாரத்தோட ஓட்டுன்னு அர்த்தம். முன்னாடி அது இருக்கிற எந்தக் கட்டளையையும், யார் கொடுத்தாலும், நான் கொடுத்தாலும், என்ன செய்யும்னு தெரியாம ஒட்டாதீங்க. ஆர்ச் போடச் சொன்ன ஆள் சொல்றேன், கேளுங்க.

மழைக்குருவி | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 4:15

ஸ்கேன் விவரம் சொல்ல வந்தேன். யூஎஸ்பி கேபிளில் எவ்வளவு முயன்றும் ஸ்கேனர் தெரியவில்லை. கேபிளைக் கழற்றிவிட்டு வைஃபை வழியாக டாக்குமென்ட் ஸ்கேனரைத் திறந்தேன், வந்துவிட்டது. ஏன் என்று கேட்காதீர்கள்.

பழையபாதை | ஞாயிறு, மாலை 4:50

டிரைவர் தேவைப்படாத பொது நெறிமுறை ஒன்று இருக்கிறது, உங்கள் பிரின்டர் அதை வைஃபை வழியாகத்தான் பேசுகிறது போலிருக்கிறது. கேபிளை மறந்துவிடுங்கள்.

மழைக்குருவி | ஞாயிறு, மாலை 5:05

இன்னொரு சந்தேகம். அப்டேட் மேலாளர் 63 அப்டேட் இருக்கிறது என்கிறது. அதில் ஒன்று கெர்னல். தொடலாமா? எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது...

பழையபாதை | ஞாயிறு, மாலை 5:11

டைம்ஷிஃப்டில் இயங்குதளத்தின் இப்போதைய நிலையைப் பிரதி எடுத்தாயிற்றா?

மழைக்குருவி | ஞாயிறு, மாலை 5:14

காலையில் ஒன்று எடுத்து வைத்தேன்.

பழையபாதை | ஞாயிறு, மாலை 5:18

அப்படியானால் அழுத்துங்கள். பழைய கெர்னல் அழியாது. புதியது மக்கர் செய்தால் பூட் ஆகும்போது கிரப் மெனுவில் பழையதைத் தேர்ந்தெடுக்கலாம். டைம்ஷிஃப்ட் இயங்குதளத்தை மட்டும்தான் முந்தைய நிலைக்குக் கொண்டுபோகும், உங்கள் கட்டுரைகளுக்கு அது பேக்கப் ஆகாது. அவற்றை வெளி டிஸ்க்கில் எடுத்துவிட்டீர்கள்தானே?

மழைக்குருவி | ஞாயிறு, மாலை 5:20

...எடுத்துவிட்டு வந்து அழுத்துகிறேன்.